மகாவிஷ்ணுவைப் பார்க்கப் போனவர்

மேல்கோட்டையில் ஒரு பழைய வீடு. கூடத்துச் சுவர் முழுக்கப் பெருமாள் படங்கள். எதிர்ச் சுவர் அலமாரியில், 40 வயது தாண்டிய ஒரு கேசட் இருக்கிறது. இப்போது அது ஓடாது. நாடா சுருளோடு ஒட்டிப்போய்விட்டது. ஆனாலும் வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் போடவில்லை. காரணம், அட்டையில் இருக்கும் எழுத்து. மேல் வரியில் நீல மையில் ‘மகாவிஷ்ணு’ என்று எழுதியிருக்கிறது. அது அவருடைய கையெழுத்து. கீழ் வரியில் கறுப்பு மையில் ஓர் உத்தரவு: ‘விடியறத்துக்கு முன்னால போடப்படாது.’ அது அவருடைய அப்பாவின் கையெழுத்து.

உத்தரவு பிறந்தது 1982-ல். வீட்டுக்காரர் அப்போது மைசூரில் கணிதம் படித்துக்கொண்டிருந்த 20 வயது மாணவர். விடுதி நண்பர் ஒருவரின் இசைத்தட்டிலிருந்து பதிவு செய்த கேசட்டை விடுமுறைக்கு ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். அப்பா கோயிலில் பிரபந்த கோஷ்டிக்காரர். ஏகாதசி தோறும் காலை நாலரை மணிக்கு டேப் ரிக்கார்டரில் விஷ்ணு சகஸ்ரநாமம் போடுவது அவர் வழக்கம். அன்று இருட்டில் கைக்கு அகப்பட்டது இந்தக் கேசட். அட்டையில் பெயரைப் பார்த்தார். திருப்தியோடு போட்டார்.

முதலில் ஒலித்தது பெரிய வெண்கலத் தட்டு ஒன்றின் நாதம். கோயில் சேகண்டி என்றே நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். சற்றைக்கெல்லாம் மின்சார கிதாரும் வயலினும் டிரம்ஸும் ஒன்றாக வீட்டுக்குள் புகுந்தன. எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. “ஏண்டா, பெருமாள் பேரை வெச்சிண்டு எவண்டா இப்படிக் கத்தறான்?” என்றார் அப்பா.

கத்தியவர் ஜான் மெக்லாஃப்லின். 1942 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், டான்காஸ்டரில் பிறந்தவர். தாயார் வயலின் வாசிப்பார். பையன் 11 வயதில் கிதாரைப் பிடித்தான். 1969-ல் நியூயார்க்குக்குப் போனவர், ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டுகளில் வாசித்துப் பெயர் பெற்றார். அங்கே வசித்த வங்காளிக் குரு ஸ்ரீ சின்மோயின் சீடரானபோது அவருக்குக் கிடைத்த பெயர்தான் மகாவிஷ்ணு. 1971-ல் அவர் தொடங்கிய குழுவுக்கும் அதுவே பெயரானது: மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா. ராக் இசையின் இடியையும் ஜாஸ் இசையின் நுணுக்கத்தையும் ஒரே மேடையில் ஏற்றிய குழு அது. அன்று விடியற்காலையில் மேல்கோட்டைத் தெருவை எழுப்பியது, 1973-ல் வெளிவந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ இசைத்தட்டின் தலைப்பு உருப்படி.

கணித மாணவரைப் பிடித்துப் போட்டது சத்தமல்ல, எண்ணிக்கை. ராக் பாட்டு என்றால் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணிவிடலாம். இதில் நாலு ஒத்துவரவில்லை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். சுழற்சிக்கு 18 வந்தது. மிருதங்கக்காரர்கள் சங்கீர்ணம் என்று சொல்லும் 9-ஐ இரண்டு முறை சொன்னால் 18. அப்பாவிடம் போய் இந்தக் கணக்கை விளக்கினார். “கணக்கு சரியாவே இருக்கட்டும். அதைக் காலங்கார்த்தால எதுக்குடா சொல்லணும்?” என்று கேட்டுவிட்டு அப்பா பேனாவை எடுத்தார்.

ரசிகராவது என்பது இப்படித்தான் நடக்கிறது. யாரும் திட்டமிடுவதில்லை. ஒரு கேசட், ஒரு விடுதி அறை, ஒரு விடுமுறை. பிறகு 40 வருடம்.

தமிழ்க் காதுகளுக்கு கிதார் பெரும்பாலும் சினிமா வழியாக வந்தது. 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் பாட்டுகளில் கிதாரைக் கேட்டு மயங்காத கல்லூரி மாணவர் தமிழ்நாட்டில் குறைவு. ஆனால் சினிமாப் பாட்டில் கிதார் பாடகருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். கிதாரே பாடகராக நடுவில் வந்து நிற்பதை, கர்நாடகத்தின் மலையூர் ஒன்றில் தமிழ் பேசும் வீட்டுப் பையன் கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோயிலில் ஆழ்வார் பாசுரம், காதில் மெக்லாஃப்லின். நான்கும் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அடுத்து வந்த கேசட் அப்பாவுக்கும் பிடித்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. உலகின் மிகச் சத்தமான குழுக்களில் ஒன்றை நடத்திய மெக்லாஃப்லின், 1975-ல் மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராமநாதபுரம் ராகவன். குழுவின் பெயர் சக்தி. முதல் இசைத்தட்டு, 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் ரசிகர்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.

அப்பா முழுதும் கேட்டார். “கடம் யாரு? கை பேசறதே!” என்றார். கிதாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேசட்டின் அட்டையில் எந்த உத்தரவும் எழுதவில்லை.

வீணை ஊரான மைசூரில் படித்தவருக்கு, மெக்லாஃப்லின் கிதாரில் செய்த காரியம் நன்றாகப் புரிந்தது. வீணையில் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் வளைகிறது. கமகம் பிறக்கிறது. கிதாரின் மெட்டுகள் மரப்பலகையில் பதிந்திருப்பவை. தந்தியை இழுக்கும்போது விரல் நுனி பலகையில் உராயும். மெக்லாஃப்லினுக்காகச் செய்யப்பட்ட கிதாரில், மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையே மரம் கிண்ணம்போல் குடையப்பட்டது. விரல் மரத்தைத் தொடாது, தந்தியை மட்டும் தொடும். இழுக்கலாம், அழுத்தலாம், அசைக்கலாம். ஒலித்துளைக்குக் குறுக்கே, சுருதியோடு தானாக அதிரும் 7 தந்திகளும் பொருத்தப்பட்டன. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் அவர் வீணை கற்றுக்கொண்ட பிறகு செய்த மாற்றங்கள் இவை. மேலைநாட்டவர் ஒருவர் நம் வாத்தியத்தை வாங்கி வாசிப்பது ஒரு வகை. தன் வாத்தியத்தின் மரத்தைக் குடைந்து நம் இசைக்கு இடம் செய்வது வேறு வகை. “அந்தக் குழியில்தான் நான் விழுந்தேன்” என்கிறார் மேல்கோட்டை ரசிகர்.

விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆசிரியரானார். கிராமப் பள்ளிகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். கேசட் போய் குறுந்தகடு வந்தது, அது போய் கைபேசி வந்தது. மெக்லாஃப்லின் எல்லாவற்றிலும் குடிபெயர்ந்து கூடவே வந்தார். ஆனால் ஆளை மட்டும் பார்த்ததில்லை.

இசைக்கும் தனக்கும் நடுவே ஒரு பதிவை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்ந்த ரசிகர் மைசூர் மண்ணுக்குப் புதிதல்ல. முதல் உதாரணம் மகாராஜாவே. 1940-ல் பட்டமேறிய ஜெயசாமராஜேந்திர உடையார், கர்நாடக இசையில் கீர்த்தனைகள் இயற்றியவர். பியானோ பயின்றவர். மேலை இசையின் பெரும் பித்தர். லண்டனில் வறுமையில் இருந்த ரஷ்ய இசையமைப்பாளர் நிக்கலாய் மெட்னரின் படைப்புகளைப் பதிவு செய்யப் பணம் கொடுத்தார். மெட்னர் தம் மூன்றாவது பியானோ கன்சர்ட்டோவை மகாராஜாவுக்குக் காணிக்கையாக்கினார். ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் கடைசியாக எழுதிய நான்கு பாடல்கள், அவர் இறந்தபின் 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் முதல்முறையாகப் பாடப்பட்டன. அந்த நிகழ்ச்சிக்குப் பணப் பொறுப்பு ஏற்றவரும் மைசூர் மகாராஜாதான். ஆனால் அவர் அங்கே இல்லை. நிகழ்ச்சியைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. அரண்மனையில் அப்போது சுமார் 20,000 இசைத்தட்டுகள் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. உலகமே முதல்முறை கேட்ட இசையை, அதற்குப் பணம் கொடுத்தவர் தட்டில்தான் கேட்டார்.

மகாராஜா கதை அப்படி. கணக்கு வாத்தியார் கதையில் பணம் இல்லை, காத்திருப்பு மட்டும் இருந்தது.

காத்திருந்தவர்கள் அவர் ஒருவர் மட்டுமல்ல. மேலை ராக் இசையின் பெரும் பெயர்கள் இந்தியப் பக்கம் எட்டிப் பார்க்கவே பல வருடங்கள் ஆயின. அவர்களை அடிக்கடி வரவழைத்த நகரம் பெங்களூர். கிதாரிஸ்ட் மார்க் நாஃப்ளர் 2005-ல் வந்தார். அயர்ன் மெய்டன் குழு 2007 மார்ச் 17 அன்று அரண்மனை மைதானத்தில் வாசித்தது. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் நடக்கவிருந்த மெட்டாலிகா நிகழ்ச்சி கடைசி நேரத்தில் நின்றது. கூட்டம் மேடையேறிச் சாமான்களை உடைத்தது. இரண்டு நாள் கழித்து அதே குழு பெங்களூரில் வாசித்தது. பள்ளிப் பருவத்தில் போஸ்டர் ஒட்டியவர்கள், தலை நரைக்க ஆரம்பித்த பிறகு கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். வந்தவர்களுக்கு அது பழைய கடன்.

மேல்கோட்டைக்காரருக்கு வாய்ப்பு வராமலில்லை. 1978-ல் கலைந்த சக்தி, 1997-ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மறுபடி கூடியது. மெக்லாஃப்லினும் ஜாகிரும் விநாயக்ராமும் பழையவர்கள். விரைவிலேயே மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்து சேர்ந்தார். 1983-ல், மீசை அரும்பாத வயதில் பெர்லின் ஜாஸ் விழாவில் கர்நாடக சங்கீதம் வாசித்தவர் அவர். விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு உட்கார்ந்தார். பாட்டுக்கு சங்கர் மகாதேவன். 2000 டிசம்பரில் இந்தக் குழு மும்பையில் வாசித்தது. அந்தக் கச்சேரிகள் பின்னர் இசைத்தட்டாகவும் வந்தன. மும்பையில் இருந்த பழைய விடுதி நண்பர் கூப்பிட்டார். “டிக்கெட் எடுத்துவைக்கிறேன், புறப்பட்டு வா” என்றார்.

ஆசிரியருக்குப் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான சிறப்பு வகுப்பு இருந்தது. “அடுத்த தடவை பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

2014 செப்டம்பர் 19 அன்று ஸ்ரீநிவாஸ் காலமானார். வயது 45. கிதாரும் மாண்டலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் அந்த வாசிப்பை நேரில் கேட்கும் வாய்ப்பு அன்றோடு முடிந்தது. “பத்தாம் வகுப்புப் பையன்கள் எப்படியும் பாஸாகியிருப்பார்கள்” என்கிறார் ஆசிரியர். சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். ஆனால் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு மெக்லாஃப்லின் தம் கைகளில் மூட்டுவாதம் என்று பேட்டிகளில் சொன்னார். 2017-ல் அமெரிக்காவில் விடைபெறும் சுற்றுப்பயணம் நடத்தினார். இனி வரமாட்டார் என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டார்.

2022-ன் கடைசியில் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தார். சக்தி தொடங்கி 50 ஆண்டு நிறைவதையொட்டி ஒரு சுற்றுப்பயணம். 2023 ஜனவரியில் பெங்களூரிலும் கச்சேரி. மெக்லாஃப்லின் வருகிறார். வயது 81.

டிக்கெட் விலையைக் கேட்டதும் ஆசிரியர் தயங்கினார். ஓய்வு பெற்றவர் வீட்டில் அது ஒரு மாத மளிகை. “கைபேசியிலேயே எல்லாம் வரதே” என்று இழுத்தார். மனைவி விடவில்லை. “ஏன்னா, அன்னிக்கே பம்பாய்க்குப் போயிருக்கணும். இப்பவும் போகலேன்னா அப்புறம் என்னண்ட வந்து புலம்பாதீங்கோ” என்றார். விஷயம் முடிந்தது.

மேல்கோட்டைக்காரர்களுக்கு ஒருநாள் தரிசனத்தின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் பலவிதமாக அறிவார்கள். சிலருக்கு ராமானுஜர் வாழ்ந்த திருநாராயணபுரம். சிலருக்குப் புளியோதரை. சினிமா ரசிகர்களுக்கு ‘தளபதி’ (1991) படத்தின் காட்சிகள் எடுக்கப்பட்ட இடம். ஊர்க்காரர்களுக்கு இது வைரமுடி ஊர். வருடம் முழுக்க மண்டியா கருவூலத்தில் பூட்டியிருக்கும் வைரமுடி, பங்குனியில் ஓர் இரவு மட்டும் செல்வப்பிள்ளையின் தலையில் ஏறும். அன்று பேழை போலீஸ் காவலோடு மண்டியாவிலிருந்து புறப்படும். வழியிலுள்ள கிராமங்களில் பூஜை நடக்கும். இரவில் சேவை. சூரிய வெளிச்சம் படக்கூடாது என்பது ஐதீகம். லட்சக்கணக்கான பேர் வந்து, குளக்கரையிலும் திண்ணையிலும் காத்துக் கிடந்து, தள்ளுமுள்ளில் சில கணங்கள் பார்த்துவிட்டுப் போவார்கள்.

“வைரமுடியின் படம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. படத்தில்தான் ஒவ்வொரு கல்லும் தெளிவாகத் தெரியும். அந்த இரவில் தெரிவதெல்லாம் தீப்பந்த வெளிச்சத்தில் ஒரு மினுக்கு. ஆனால் அந்த மினுக்குக்குத்தான் ஜனங்கள் வருகிறார்கள்” என்கிறார் ஆசிரியர்.

வைரமுடி மண்டியாவிலிருந்து மேல்கோட்டைக்கு வரும் வழியில், அவர் எதிர்த்திசையில் போனார். மேல்கோட்டையிலிருந்து மண்டியாவுக்குப் பஸ், அங்கிருந்து பெங்களூருக்கு ரயில். பையில் ஒரு சால்வை, மருந்து டப்பா, மனைவி கட்டிக்கொடுத்த புளியோதரை. சட்டைப்பையில் ஓடாத அந்தக் கேசட். எதற்கு எடுத்துப் போனார் என்று அவருக்கே தெரியவில்லை.

கச்சேரி அவர் நினைத்தபடி இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்கிறார். இடம் தொலைவில் கிடைத்தது. மேடையில் மெக்லாஃப்லின் கட்டைவிரல் உயரம் தெரிந்தார். முகத்தைப் பார்க்கப் பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. முன்னால் இருந்தவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒலியும் வீட்டில் காதுக் கருவி மாட்டிக் கேட்கும் அளவுக்குத் துல்லியமாக இல்லை. முதல் பத்து நிமிடம், ஒரு மாத மளிகைதான் ஞாபகத்தில் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் புலப்பட ஆரம்பித்தது. கேசட்டில் இல்லாத விஷயங்கள்.

முதலாவது, வாசிக்காத நேரத்தில் வாசிப்பவர் என்ன செய்கிறார் என்பது. கேசட்டில் கிதார் நின்றால் கிதாரிஸ்ட் காணாமல் போய்விடுவார். இங்கே அவர் நின்ற இடத்திலேயே இருந்தார். வயலினில் கணேஷ் ராஜகோபாலன் ஒரு சங்கதியைப் பிடித்தபோது, 81 வயதுக்காரர் முதல்முறை கேட்கும் பையனைப்போலத் தலையை ஆட்டினார். ஜாகிர் தபலாவில் ஏதோ சொல்ல, பதில் கஞ்சிராவிலிருந்து வர, இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு எந்தத் தட்டிலும் இடமில்லை. 40 வருடமாகக் கேட்டது பதிலை மட்டும்தான். கேள்வி எங்கிருந்து வந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது, செல்வகணேஷின் கை. ஆசிரியர் அதில் கேட்டது விநாயக்ராமை. விநாயக்ராமும் மெக்லாஃப்லினும் ஒரே வருடம், 1942-ல் பிறந்தவர்கள். 1975-ல் அப்பாவோடு வாசித்தவர், 2023-ல் மகனோடு வாசிக்கிறார். ‘கை பேசறதே’ என்று சொன்ன தம் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆசிரியருக்குத் தோன்றியது. கடைசியில் பக்கத்து நாற்காலியிலிருந்த மகளின் தோளைத் தட்டி, “கடத்துக்காரர் பிள்ளை” என்று மட்டும் சொன்னார். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. மேடையில் ஐந்து பேர்: மெக்லாஃப்லின், ஜாகிர், சங்கர் மகாதேவன், கணேஷ், செல்வகணேஷ். கணக்கு வாத்தியார் மனதில் ஆறு என்று எண்ணினார். கிதார் ஓடும்போதெல்லாம் துரத்திவர வேண்டிய மாண்டலினைக் காது தேடியது. 22 வருடத்துக்கு முன் தவறவிட்டதன் அளவு, வீட்டில் பதிவைக் கேட்கும்போது தெரியவில்லை. பதிவில் ஸ்ரீநிவாஸ் இருக்கிறாரே! அவர் இல்லை என்பது அந்த அரங்கில்தான் முழுமையாகத் தெரிந்தது. அந்த வருடம் ஜூனில் வெளிவந்த ‘திஸ் மொமென்ட்’ இசைத்தட்டில் குழுவினர் ஸ்ரீநிவாஸின் நினைவாக ஓர் உருப்படியை வைத்திருந்தார்கள். மேடையில் இருந்தவர்களும் ஆறு என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்கள் போலும்.

நான்காவதுதான் முக்கியம். கேசட்டில் மெக்லாஃப்லினுக்கு எப்போதும் 30 வயது. கேட்பவருக்கு மட்டும் வயதாகிக்கொண்டே போகிறது. 20 வயதில் அண்ணனாக இருந்தவர், 30 வயதில் சம வயதுக்காரர் ஆகி, 60 வயதில் பிள்ளை வயதுக்காரர் ஆகிவிடுகிறார். பதிவின் வரமும் சாபமும் இதுதான். அரங்கில் அது சரியானது. வெள்ளை முடியோடு நின்றவர் மறுபடி அண்ணனானார். மூட்டுவாதம் வந்த விரல்கள் என்று தெரிந்தே ஒவ்வொரு சங்கதியையும் கேட்கும்போது, அது முடியுமோ முடியாதோ என்று மனம் அடித்துக்கொண்டது. முடிந்தபோது வந்த சந்தோஷம் 40 வருடத்தில் எந்தக் கேசட்டும் கொடுக்காதது. கேசட்டில் விரல் தவறவே தவறாது. தவறக்கூடும் என்று தெரிந்து கேட்பதற்குப் பெயர்தான் கச்சேரி.

வெளியே வந்ததும் மகள் கேட்டார், “எப்படிப்பா இருந்தது?”

“அவருக்கும் வயசாயிடுத்து, எனக்கும் ஆயிடுத்து” என்றார். மகள் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டார். அது வருத்தம் இல்லை.

மேல்கோட்டையில் ஒரு பழைய கதை உண்டு. சோழ நாட்டை விட்டு வந்த ராமானுஜர், இங்கே 12 வருடம் இருந்தார் என்பது மரபு. திரும்பிப் போக அவர் புறப்பட்டபோது, அடியார்கள் பிரிய மாட்டாமல் அழுதார்கள். அவர் தம் உருவமாக ஒரு விக்கிரகத்தைச் செய்யச் சொல்லி, அதைத் தழுவி, அவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். ‘தமர் உகந்த திருமேனி’ என்று அதற்குப் பெயர். தம்மவர் விரும்பிய உருவம். இன்றும் கோயிலில் இருக்கிறது.

ஆசிரியர் இந்தக் கதையைச் சிறு வயதிலிருந்து கேட்டவர். பெங்களூரிலிருந்து திரும்பும் ரயிலில் அது வேறு விதமாகப் புரிந்தது என்கிறார். “இசைத்தட்டும் ஒரு தமர் உகந்த திருமேனிதான். நேரில் இருக்க முடியாதவர்களுக்காகக் கொடுத்துவிட்டுப் போனது. அது மட்டம் இல்லை. அதை வைத்துக்கொண்டு 40 வருடம் ஓட்டியவன் நான். ஆனால் அந்த அடியார்கள், ஆள் இருந்த 12 வருடத்தில், விக்கிரகம் செய்துகொடுங்கள், அதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லவில்லையே. இருக்கும்போது பக்கத்தில் இருந்தார்கள். போகும்போதுதான் கேட்டார்கள். நான் 2000-ல் முறையை மாற்றிவிட்டேன்.”

இப்போதெல்லாம் பழைய மாணவர்கள் யாராவது வந்து, இன்ன ஊரில் இன்னாருடைய கச்சேரி, போகலாமா வேண்டாமா என்று யோசித்தால், அவர் கணக்குப் போட்டுக் காட்டுவார். பாடுபவரின் வயது, கேட்பவரின் வயது, அடுத்த தடவை என்பதற்கு எத்தனை வருடம். விடை பெரும்பாலும் ஒன்றாகவே வரும்.

‘திஸ் மொமென்ட்’ இசைத்தட்டுக்கு 2024 பிப்ரவரியில் கிராமி விருது கிடைத்தது. அந்த வருடம் டிசம்பர் 15 இரவு, சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் இருந்த ஜாகிர் உசேன் காலமாகிவிட்டார் என்று செய்தி பரவியது. பிறகு இல்லை என்றார்கள். மேல்கோட்டையில் ஆசிரியர் தூங்கவில்லை. இருட்டிலேயே எழுந்து கூடத்துக்கு வந்தார். அப்போதும் எதுவும் தெளிவாகவில்லை. கைபேசியில் பேர்ட்ஸ் ஆஃப் ஃபயரைத் தேடினார். அதில் ஜாகிர் இல்லை என்பது ஞாபகம் வந்தது. சக்தியின் முதல் இசைத்தட்டை எடுத்தார்.

அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: “ஏன்னா, இன்னும் விடியலையே.”

அந்த உத்தரவு வேறு கேசட்டுக்கு எழுதியது என்று அவர் வாதாடவில்லை. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயில் பக்கமிருந்து சேகண்டி கேட்டது. ஜன்னலில் வெளிச்சம் வந்தபோது செய்தி உறுதியாகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் போட்டார். 1975 ஜூலை. ஜாகிருக்கு 24 வயது.